மலை எரிந்தது, யார் குற்றம்?

போடி நாயக்கனூரில் நின்று தலை நிமிர்ந்து பார்த்தால் மலைதான் தெரியும். அந்த மலையில் ஏலம் விளைகிறது. காப்பி விளைகிறது. உச்சியில் தேயிலை விளைகிறது.

விடிந்ததும் விடியாததுமாக ஜீப்புகள் புறப்படும். தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு பெண்கள் அவற்றில் ஏறுவார்கள். வளைந்து வளைந்து செல்லும் போடிமெட்டுப் பாதையில் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போவார்கள். பொழுது சாயும்போது திரும்புவார்கள். மலையில் காய்த்த ஏலக்காய் மூட்டை மூட்டையாக இறங்கி வந்து போடியில் ஏலம் போகும்.

மலைதான் போடிக்குச் சோறு போடுகிறது.

அந்த மலையின் ஒரு சரிவு 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தீப்பற்றி எரிந்தது. மனிதர்கள் அதில் சிக்கிக் கொண்டார்கள்.

அன்று நடந்தது

போடியிலிருந்து சுமார் 16 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள சிற்றூர் குரங்கணி. வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறுத் தேயிலை, மலை உச்சியிலுள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாக இந்தப் பக்கம்தான் இறங்கியது. இங்கிருந்து போடிக்குப் போயிற்று. இன்று அந்தக் கம்பி இல்லை. மலை ஏறிப் பார்க்கும் ஆசையோடு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்.

அன்றும் வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு கூட்டம். திருப்பூர், ஈரோடு பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டம். பெரும்பாலோர் வாலிப வயதினர். பெண்கள் பலர். புதிதாகக் கலியாணம் ஆனவர்களும் உண்டு. சென்னைக் கூட்டம் முதல் நாளே ஏறி, கொழுக்குமலையில் இரவு தங்கியது. மறுநாள் குரங்கணியை நோக்கி இறங்கும் வழியில்தான் விபரீதம் நடந்தது.

மார்ச் மாதம். மழை இல்லை. ஆளுயரப் புல் காய்ந்து சருகாய்க் கிடந்தது. காற்று வேறு.

சமவெளியில் தீ நடந்தால், மலைச் சரிவில் அது ஓடும். கீழே எரியும் தீயின் சூடு மேலே உள்ள புல்லை முன்னதாகவே வாட்டி விடுகிறது. ஆகவே தீ மேல்நோக்கித் தாவித் தாவிச் செல்லும். பழக்கமில்லாத மலை. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். சிலரைத் தீ எட்டிப் பிடித்தது.

சேதி கேட்டவுடன் முதலில் மலை ஏறியவர்கள் உள்ளூர் மக்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். காயம் பட்டவர்களைச் சுமந்து கீழே கொண்டு வந்தார்கள். பிறகு தீயணைப்புப் படையும், வனத்துறையும், விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. தேனியிலும் மதுரையிலும் ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை நடந்தது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஒரு மரணச் செய்தி வந்தது. கடைசியில் இறந்தவர்கள் 20 பேருக்கும் அதிகம்.

“என்ன பாவம் செய்தார்களோ!”

இப்படி ஒரு துயரம் நேர்ந்தால் நம் வீட்டுத் திண்ணைகளில் என்ன பேச்சு எழும்?

“விதி” என்பார்கள் சிலர். “போன ஜன்மத்து வினை” என்பார்கள். “தெய்வக் குற்றம்” என்பார்கள். “கடவுளின் தண்டனை” என்பார்கள். “பாவம், என்ன பாவம் செய்தார்களோ!” என்று பெருமூச்சு விடுவார்கள்.

எந்த மதத்தாரும் இந்தப் பேச்சுக்கு விலக்கு இல்லை. கிறிஸ்தவர்களும்தான். கடவுள் நீதிபதி என்று அவர்களுடைய வேதம் சொல்கிறது. உலக முடிவில் எல்லாருக்கும் தீர்ப்பு உண்டு என்று அவர்கள் நம்புகிறார்கள். அப்படியானால் தீயும் வெள்ளமும் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதிதானா?

இந்தக் கேள்வியை ஏசுநாதரிடமே கேட்டார்கள். அவர் சொன்ன பதில் பைபிளில் இருக்கிறது.

சீலோவாம் கோபுரம்

அந்தக் காலத்தில் எருசலேம் நகரில் சீலோவாம் என்று ஓர் இடம். அங்கே ஒரு கோபுரம் இடிந்து விழுந்தது. 18 பேர் அடியில் சிக்கி இறந்தார்கள். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் இந்தச் செய்தி வருகிறது.

இறந்த 18 பேரும் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று ஏசுநாதர் கேட்டார். அவரே பதிலும் சொன்னார்: இல்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் கேட்டவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர் நிறுத்தவில்லை. நீங்கள் மனம் திரும்பாவிட்டால் நீங்களும் அழிவீர்கள் என்று எச்சரித்தார்.

அதாவது, இறந்தவர்களைப் பற்றி அவர்கள் கேட்டார்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி அவர் பேசினார்.

இதே சீலோவாமில் ஒரு குளமும் உண்டு. யோவான் எழுதிய சுவிசேஷத்தில் அந்தக் குளம் வருகிறது. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இவன் இப்படிப் பிறந்தது இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் ஏசுநாதர். காரணம் தேடிக்கொண்டு அவர் அங்கே நிற்கவில்லை. மண்ணைக் குழைத்து அவன் கண்ணில் பூசி, சீலோவாம் குளத்தில் போய்க் கழுவச் சொன்னார். அவனுக்குப் பார்வை வந்தது என்கிறது வேதம்.

காய்க்காத மரம்

கோபுரத்தைப் பற்றிப் பேசிய கையோடு ஏசுநாதர் ஒரு கதை சொன்னார். மலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு அது எளிதில் விளங்கும்.

ஒருவர் தம் தோட்டத்தில் ஓர் அத்தி மரம் வைத்திருந்தார். மூன்று வருடமாக வந்து பார்க்கிறார். ஒரு பழம்கூட இல்லை. “வெட்டிப் போடு” என்கிறார். தோட்டக்காரன் கெஞ்சுகிறான். இன்னும் ஒரு வருடம் தவணை கேட்கிறான். சுற்றிலும் கொத்தி உரம் போடுகிறேன், அப்போதும் காய்க்காவிட்டால் வெட்டலாம் என்கிறான்.

ஏலச் செடியும் நட்ட மூன்றாம் வருடத்தில்தான் காய்க்கத் தொடங்கும். காய்க்காத செடியை முதலாளி எப்படிப் பார்ப்பார் என்பது தோட்டத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும்.

கதையின் கருத்து என்ன? தீர்ப்பு உண்டு. ஆனால் தவணையும் உண்டு. பிழைத்து இருப்பவனுக்குக் கிடைத்த ஒவ்வொரு நாளும் அந்தத் தவணைதான். அதை அவன் என்ன செய்தான் என்பதே கேள்வி.

யோபுவின் நண்பர்கள்

பைபிளின் பழைய ஏற்பாட்டில் யோபு என்ற நல்ல மனிதரின் கதை இருக்கிறது. ஒரே நாளில் அவருடைய வாழ்வு குலைந்தது. வானத்திலிருந்து விழுந்த தீயில் ஆடுகளும் வேலைக்காரர்களும் மாண்டார்கள். பெருங்காற்றில் வீடு இடிந்து ஏழு மகன்களும் மூன்று மகள்களும் இறந்தார்கள்.

துக்கம் கேட்க மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லது. பிறகு பேசத் தொடங்கினார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் தண்டனை என்றார்கள். கதையின் முடிவில் கடவுளுக்குக் கோபம் வருகிறது. யாரிடம்? கடவுளிடமே நியாயம் கேட்ட யோபுவிடம் அல்ல. கடவுளுக்காக வாதாடிய அந்த நண்பர்களிடம்தான்!

நோவா காலத்து வெள்ளம்

“அப்படியானால் நோவா காலத்து வெள்ளம்? சோதோம் நகரை எரித்த தீ? அவை தண்டனைகள் என்று அதே பைபிள் சொல்கிறதே!” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அந்தக் கதைகளில் மனிதனுடைய கொடுமை முதலில் சொல்லப்படுகிறது. பிறகு எச்சரிக்கை வருகிறது. சோதோமுக்காக ஆபிரகாம் கடவுளிடம் பேரம் பேசுகிறார். பத்து நல்லவர்கள் இருந்தால்கூட நகரத்தை விட்டுவிடுவதாகக் கடவுள் இறங்கி வருகிறார். பிற்காலத்தில் வந்த எசேக்கியேல் என்ற தீர்க்கதரிசி சோதோமின் குற்றப் பட்டியலைச் சொல்லும்போது, அகந்தையையும், வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டு ஏழைக்குக் கை கொடுக்காமல் இருந்ததையும் சேர்த்தே சொல்கிறார். தகப்பன் குற்றத்துக்கு மகன் பொறுப்பல்ல, அவரவர் செயலுக்கு அவரவரே பொறுப்பு என்று விளக்கியவரும் அவர்தான்.

ஆகவே கடவுள் நீதிபதி என்பதைக் கிறிஸ்தவம் கைவிடவில்லை. ஆனால் நீதிபதியின் நாற்காலியில் மனிதன் ஏறி உட்கார்ந்து, எரிந்த மலையைக் காட்டித் தீர்ப்பு வாசிப்பதைத்தான் சீலோவாம் கதை தடுக்கிறது.

தீமை எங்கிருந்து வந்தது?

கடவுள் நல்லவர், எல்லாவற்றையும் அவரே படைத்தார். அப்படியானால் தீமையையும் அவர்தானே படைத்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியோடு பல வருடம் போராடியவர் புனித அகுஸ்தீன். 354ஆம் வருடம் வட ஆப்பிரிக்காவில் பிறந்தவர். அவர் கண்ட விடை இது: தீமை என்பது தனியாகப் படைக்கப்பட்ட பொருள் அல்ல, நன்மை இல்லாமைதான் தீமை.

ஒரு வீட்டில் விளக்கு அணைந்தால் இருட்டு வருகிறது. இருட்டை யாரும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டவில்லை. விளக்கு இல்லை, அவ்வளவுதான். மனிதனுக்குக் கடவுள் சுதந்திரம் கொடுத்தார். அவன் நன்மையை விட்டு விலகும்போது அந்த இடத்தில் தீமை வந்துவிடுகிறது. எனவே அதற்குப் பொறுப்பு அவனே என்றார் அகுஸ்தீன்.

410ஆம் வருடம் ரோமாபுரி சூறையாடப்பட்டது. பழைய தெய்வங்களைக் கைவிட்டதால் வந்த கேடு என்று பலர் கிறிஸ்தவர்கள்மேல் பழி போட்டார்கள். இதற்குப் பதிலாகத்தான் அகுஸ்தீன் ‘கடவுளின் நகரம்’ என்ற பெரிய நூலை எழுதினார். இந்த உலகத்தில் துன்பம் நல்லவர்க்கும் கெட்டவர்க்கும் பொதுவாகவே வருகிறது என்று அதில் விளக்கினார்.

இரண்டு ஞாபகங்கள்

1755ஆம் வருடம் நவம்பர் 1ஆம் தேதி, போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் பூகம்பம் வந்தது. அன்று சகல புனிதர்கள் திருநாள். மாதா கோவில்களில் மக்கள் நிறைந்திருந்த நேரம். கட்டடங்கள் இடிந்தன. நகரம் தீப்பற்றியது. கடல் பொங்கி வந்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள்.

மலகிரிதா என்ற பாதிரியார், இது பாவத்துக்கு வந்த தண்டனை, மனம் வருந்தி ஜெபம் செய்யுங்கள் என்று பிரசங்கித்தார். மந்திரியாக இருந்த பொம்பால், பிணங்களைப் புதைக்கவும், பிழைத்தவர்களுக்கு உணவு கொடுக்கவும், நகரத்தைத் திரும்பக் கட்டவும் ஏற்பாடு செய்தார். அசைந்தாலும் விழாதபடி உள்ளே மரச்சட்டம் வைத்துப் புது வீடுகள் கட்டப்பட்டன.

நம் நாட்டிலும் இந்த வாதம் எழுந்தது. 1934 ஜனவரி 15ஆம் தேதி பீகாரில் பூகம்பம். சில நாட்களில் திருநெல்வேலிக்கு வந்த காந்தியடிகள், தீண்டாமை என்ற நம் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று பேசினார். தீண்டாமையை வெறுத்த ரவீந்திரநாத் தாகூரே அதை மறுத்தார். இயற்கையின் உற்பாதத்தை மனிதனின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடக்கூடாது என்பது தாகூரின் கட்சி.

அடுத்தது, தமிழ்நாட்டுத் தாய்மார்கள் மறக்க முடியாத நாள். 2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணி மாதாவைக் கும்பிட வந்தவர்கள் கடற்கரையில் இருந்தார்கள். சுனாமி அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000 பேருக்கு மேல்.

மாதாவைத் தேடி வந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? பதில் இல்லாத கேள்வி. ஆனால் பதில் உள்ள கேள்வி ஒன்று இருந்தது. சுமத்ரா பக்கத்தில் கடலடியில் பூமி அதிர்ந்து, அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் கரையில் இருந்தவர்களுக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?

சொல்ல ஏற்பாடு இல்லை. இந்து மகா சமுத்திரத்துக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் ஏற்பட்டது. மனம் திரும்புதல் என்றால் கண்ணீர் விடுவது மட்டும் அல்ல. இப்படி ஒரு மையம் அமைப்பதும் மனம் திரும்புதல்தான்.

பெட்டிமுடி

போடி மலைக்கு அந்தப் பக்கம், மூணாறை அடுத்த பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, கொட்டும் மழையில் மலை சரிந்தது. தேயிலைத் தொழிலாளர்கள் தூங்கிக் கொண்டிருந்த லயங்களை மண் மூடியது. 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்திலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் பல.

மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப் போயிருந்ததால், வெளியுலகத்துக்குச் சேதி எட்ட மறுநாள் காலை ஆகிவிட்டது.

மழை பெய்ததற்கு மனிதன் பொறுப்பல்ல. ஆனால் தொழிலாளியின் வீடு எங்கே இருக்கிறது, ஆபத்து வந்தால் அவன் குரல் யாருக்குக் கேட்கும் என்பவை மனிதர்கள் முடிவு செய்கிற விஷயங்கள்.

விரல் நீட்டும் பழக்கம்

பழம் தின்ற ஆதாமைக் கடவுள் விசாரித்தார். அவன் ஏவாளைக் காட்டினான். ஏவாள் பாம்பைக் காட்டினாள். பைபிளின் முதல் விசாரணையே இப்படித்தான் நடந்தது. அவர்களுடைய மகன் காயீன், தம்பி ஆபேலைக் கொன்றான். தம்பி எங்கே என்று கேட்டதற்கு, அவனுக்கு நான் என்ன காவலா என்று எதிர்க்கேள்வி போட்டான்.

குரங்கணிக்குப் பிறகும் விரல்கள் நீண்டன. அனுமதி இல்லாமல் போனார்கள் என்றது ஒரு தரப்பு. அழைத்துப் போனவர்கள்மேல் சிலர் பழி சொன்னார்கள். காட்டுக்குள் விட்டது யார் என்று வனத்துறையைச் சிலர் கேட்டார்கள். அதுல்ய மிஸ்ரா என்ற மூத்த அதிகாரி விசாரணைக்கு நியமிக்கப்பட்டார். அதே 2018இல் மலையேற்றத்துக்கு அரசு புது விதிகள் செய்தது. கோடையில் தீப்பருவம் வந்தால் மலையேற்றத்தை நிறுத்தி வைப்பதும் வழக்கமாயிற்று.

இந்த விதிகள் ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால்? கேட்கும்போதே நெஞ்சு கனக்கிறது. ஆனால் கேட்கத்தான் வேண்டும். இறந்தவர்களைக் குறை சொல்வதற்காக அல்ல. அடுத்த மார்ச் மாதத்தில் ஏறப்போகிறவர்களுக்காக.

கடைசித் தீர்ப்பில் ஒரு கேள்வி

உலக முடிவில் நடக்கும் தீர்ப்பை ஏசுநாதர் வர்ணித்த பகுதி மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நல்லவர்கள் வலது பக்கம். மற்றவர்கள் இடது பக்கம்.

இடது பக்கம் நிற்பவர்கள் செய்த குற்றம் என்ன? கொலை என்று சொல்லப்படவில்லை. திருட்டு என்றும் சொல்லப்படவில்லை. பசித்தவனுக்கு அவர்கள் சோறு போடவில்லை. தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீர் தரவில்லை. ஊர் தெரியாமல் வந்தவனைச் சேர்க்கவில்லை. ஆடை இல்லாதவனுக்கு உடுத்தவில்லை. நோயாளியையும் சிறையில் இருந்தவனையும் போய்ப் பார்க்கவில்லை.

அவர்கள் செய்தது ஒன்றும் இல்லை. அதுவே குற்றம்.

கத்தோலிக்கர்கள் பூசையின் தொடக்கத்தில் பாவத்தை ஒப்புக்கொண்டு ஒரு ஜெபம் சொல்வார்கள். நினைப்பாலும் பேச்சாலும் செய்கையாலும் செய்த பாவத்தோடு, செய்யத் தவறியதையும் அதில் சேர்த்துச் சொல்வார்கள். அப்போது தம் மார்பைத் தாமே தட்டிக் கொள்வார்கள். பக்கத்தில் நிற்பவருடைய மார்பை யாரும் தட்டுவதில்லை!

மலை ஏறியவர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை தீயைப் பார்த்ததும் மலை ஏறினார்களே, குரங்கணிப் பக்கத்து மக்கள், அவர்களில் எத்தனை பேர் இந்து, எத்தனை பேர் கிறிஸ்தவர், எத்தனை பேர் முஸ்லிம் என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை. தீயில் சிக்கியவர்கள் அவர்களுக்கு உற்றாரும் அல்ல, உறவினரும் அல்ல. பேர்கூடத் தெரியாதவர்கள்.

தீயில் தவித்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டு அவர்கள் கீழே நிற்கவில்லை. தோளைக் கொடுத்தார்கள்.

மழை பெய்ததும் கருகிய சரிவில் புல் மறுபடியும் முளைத்து விடும். மார்ச் வந்தால் அது மறுபடியும் காயும். தோட்டக்காரன் கேட்டு வாங்கிய தவணை மனிதனுக்கு ஒவ்வொரு வருடமும் கிடைக்கிறது.